ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி

செஞ்சி
10 பிப்ரவரி 2025

அன்பு,

உன் போனில் என் எண்ணை பிளாக் செய்து இரண்டரை வருஷம் ஆகிறது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தபால்காரர் நீட்டுவதை வாங்கித்தானே ஆகவேண்டும் என்று இந்த வழிக்கு வந்திருக்கிறேன். தபால் நிலையக் கவுண்டரில் இருந்த அம்மா, "ஓக்லண்ட்னா நியூசிலாந்து தான சார்?" என்றார். அது வேறு, இது கலிபோர்னியா என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டு வந்தேன். பொது அறிவு வாத்தியார் புத்தி எங்கே போகும்.

விஷயம் இதுதான். நாம் சேர்ந்து எழுதிய 'மூவாயிரம் வினா விடை' தீர்ந்துவிட்டது. அச்சகத்து இளவழகன் இரண்டாம் பதிப்பு போடச் சொல்லி நச்சரிக்கிறான். அட்டையில் உன் பெயரும் இருப்பதால் உன் சம்மதம் வேண்டும். முதல் பக்கத்தில் ஜெயஸ்ரீயின் படத்தைப் போட்டு, புத்தகத்தை அவளுக்கே சமர்ப்பணம் செய்ய ஆசைப்படுகிறேன். என் மாணவர்களிலேயே அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தவள் உன் தங்கை ஒருத்திதான்.

அவள் இறந்த அன்று நான் வராததை நீ மன்னிக்கவில்லை என்று தெரியும். மேல்சித்தாமூர் சமண மடத்தில் இருந்தேன் என்று அப்போதே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பு அதே மாடியில்தான், பேருந்து நிலையத்துக்கு எதிரே. கீழே ஷட்டரை மட்டும் மாற்றிவிட்டேன். பழையது சில நாட்களில் தானாகவே அதிர்ந்தது. புதியதும் அதிர்கிறது. பேருந்துகள் போகிற ரோடு, அப்படித்தான் இருக்கும்.

ஜீவகன்

*

ஓக்லண்ட்
2 மார்ச் 2025

ஜீவகன் அவர்களுக்கு,

என் தங்கையின் படத்தை உங்கள் புத்தகத்தில் போடக் கூடாது. எங்கள் வீட்டிலேயே அவள் படம் மாட்டப்படவில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அன்று பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் எல்லாரும், "பொண்ணு தானா ஓடிப்போயி லாரியில வுழுந்துச்சி" என்றார்கள். டிரைவரும் அதையே சொன்னான். நேர்காணலில் தோற்றதால் உயிரை விட்டுவிட்டாள் என்று அம்மா நம்புகிறார். "என்ன வுட்டுட்டுப் போவணும்னு முடிவு பண்ணவ படத்தைப் பாத்துக்கினு நான் எப்படிடா சோறு துன்றது" என்கிறார். அவள் போனது ஆடி அமாவாசை அன்று. மூன்றாவது வருஷம் வரப்போகிறது, ஒரு படையல் கிடையாது. ஜெயஸ்ரீ என்ற பெயரை யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

புத்தகத்தைப் பற்றி எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

இங்கே என் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய பேஸ்பால் மைதானம் ஒன்று இருக்கிறது. போன செப்டம்பரோடு அந்த அணி ஊரைக் காலி செய்துவிட்டது. பிலடெல்பியாவில் பிறந்து, கன்சாஸ் சிட்டிக்குப் போய், 1968இல் இங்கே வந்த அணி. ஐம்பத்தேழு பருவங்கள் ஆடிவிட்டு, பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பச்சைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியோடு வந்து நடைமேம்பாலத்தில் உட்கார்ந்து, அந்தப் பூட்டிய மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். புரூக்ளினை விட்டுப் போன அணி, செயிண்ட் லூயிஸை விட்டு பால்டிமோருக்குப் போன அணி என்று வரிசையாகச் சொன்னார். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள, நம் புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன்: 1970இல் மில்வாக்கிக்குப் போன அணி அதற்கு முன் போர்ட்லேண்டில் இருந்தது என்று.

அவர் சிரித்தார். போர்ட்லேண்ட் இல்லை, சியாட்டில் என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். சியாட்டில்தான். நம் புத்தகத்தில் 1412ஆம் கேள்வி. விளையாட்டுப் பகுதி முழுக்க நீங்கள் எழுதியது.

அவள் இறந்த அன்று சென்னையிலிருந்து பேருந்தில் வரும்போது ஜெயஸ்ரீ எனக்குப் போன் செய்தாள். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைக்கான நேர்காணல் என்பதால் அமெரிக்க விளையாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "மில்வாக்கி டீமு போர்ட்லேண்ட்ல இருந்து வந்துச்சின்னேன்ணா. ஸ்கிரீன்ல இருந்தவரு சியாட்டில்காரராம். எங்க அப்பா அந்த மேட்ச்சுக்கெல்லாம் போயிருக்காரும்மான்னு சிரிக்கறாரு. நான் வுடல, போர்ட்லேண்ட்தான்னு சாதிச்சேன்" என்றாள்.

நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? புத்தகத்தில் இருப்பதுதான் சரி என்றேன்.

நேரடியாகக் கேட்கிறேன். 1412 பொறிக் கேள்வியா?

அன்புச்செல்வன்

*

செஞ்சி
24 மார்ச் 2025

அன்பு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சரி.

ஆமாம். 1412 பொறிக் கேள்விதான்.

இந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. நம் முதல் சின்னப் புத்தகத்தை விழுப்புரத்துக்காரன் ஒருவன் ஒரு புள்ளி மாறாமல் அடித்து விற்றபோது, பொது அறிவுப் புத்தகம் போடுகிறவர்கள் வேண்டுமென்றே ஒரு தப்பான விடையை உள்ளே வைப்பார்கள், காப்பி அடிக்கிறவன் அதையும் சேர்த்து அடித்துக் கையும் களவுமாகச் சிக்குவான் என்றாய். ஆளுக்கு ஒரு பொறி வைப்போம், ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது, வாய் தவறி வெளியே போய்விடும் என்றாய். "நம்ம ஊரு பரீட்சையில எவனும் கேக்காத எடமா பாத்து வை. பேஸ்பால்ல வை" என்று சிரித்ததும் நீதான். நான் பழியை உன் பக்கம் தள்ளவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு அவள் புத்தகத்தோடு வந்து, "சார், நெட்டுல சியாட்டில்னு போட்டிருக்குது. எது கரெக்ட்டு?" என்று கேட்டாள். வகுப்பில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறி வெளியே போய்விடும் என்று நினைத்தேனா, வாத்தியார் தப்பு என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேனா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "நெட்டுல எவன் எவனோ எழுதுவான். நம்ம புக்கு நம்பு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் போர்ட்லேண்டை மனப்பாடம் செய்தாள்.

இரண்டாம் பதிப்புக்கு அதைச் சியாட்டில் என்று திருத்திக் கொடுத்தேன். மெய்ப்பு போர்ட்லேண்ட் என்றே வந்தது. சிவப்பு மையில் அடித்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் போர்ட்லேண்ட். மூன்றாவது தடவை நானே திண்டிவனத்து அச்சகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றினேன். அடித்து வந்த தாளில் பழையபடி போர்ட்லேண்ட். பழைய ஃபைல் கலந்துவிட்டது என்று இளவழகன் தலையைச் சொறிந்தான். அப்படித்தான் இருக்கும்.

ஆனால் போன வாரம், புத்தகமே இல்லாத புதிய மாணவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து போர்ட்லேண்ட் என்று ஒரு பெண் குரல் வந்தது. அன்று வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பையன்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அன்பு. அன்று நான் மடத்தில்தான் இருந்தேன்.

ஜீவகன்

*

ஓக்லண்ட்
16 ஏப்ரல் 2025

ஜீவகன்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை.

பேஸ்பாலில் வை என்று சொன்னது நான்தான். மறுக்கவில்லை. புத்தகம்தான் சரி என்று போனில் அவளிடம் சொன்னதும் நான்தான். நாம் இருவரும் சேர்ந்து அவளை ஏமாற்றியிருக்கிறோம், நான் தெரியாமல், நீ தெரிந்து. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அந்தச் சியாட்டில் அணியைப் பற்றி இப்போது எல்லாம் படித்துவிட்டேன். 1969இல் ஒரே ஒரு பருவம் ஆடியது. அதற்குள் திவாலாகிவிட்டது. அடுத்த பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோதும் எந்த ஊருக்காக ஆடுவது என்று முடிவாகவில்லை. மட்டைகளையும் பந்துகளையும் ஏற்றிய லாரிகள் வழியில் யூட்டாவில் நின்றுகொண்டிருந்தன, சியாட்டிலுக்குத் திரும்புவதா, மில்வாக்கிக்குத் திரும்புவதா என்று யாராவது சொல்லட்டும் என்று. கடைசியில் மில்வாக்கி என்றார்கள். புதுச் சட்டை தைக்க நேரமில்லாமல் பழைய பெயரைப் பிரித்தெடுத்துவிட்டு அதே சட்டையில் புதுப் பெயரைத் தைத்தார்களாம். உற்றுப் பார்த்தால் பழைய எழுத்தின் தடம் அடியில் தெரியுமாம். அந்த மில்வாக்கியும் அதற்கு நான்கு வருஷம் முன்புதான் தன் அணியை அட்லாண்டாவுக்குப் பறிகொடுத்து அழுத ஊர். இதெல்லாம் ஜெயஸ்ரீக்குத் தெரிந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சியாட்டில்காரரே வாயடைத்துப் போயிருப்பார்.

இப்போது நான் சொல்வதைக் கவனி.

போனில் அவள் கடைசியாகச் சொன்னது, "எறங்கனதும் ஜீவகன் சாரையே கேட்டுடறேண்ணா" என்பது. அதனால்தான் அன்றைக்கே உன்னிடம் கேட்டேன், உன்னைப் பார்க்க வந்தாளா என்று. மடத்தில் இருந்தேன் என்றாய். ஆடி அமாவாசை அன்று செஞ்சி டிப்போவின் பாதி வண்டிகள் மேல்மலையனூர்க் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விடும். கிராமத்துப் பிள்ளைகள் வர முடியாது என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் வகுப்புக்கு விடுமுறை விடுவாய். விடுமுறையில் நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? மாடியில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாய்.

அவள் போனை அம்மா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். மாமா பையன் வளவனிடம் சொல்லி, பஜாரில் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். மாலை 5.46, 5.48, 5.49 என்று உனக்கு மூன்று அழைப்புகள். நீ எடுக்கவில்லை. 5.50க்கு ஒரு செய்தி: "சார் மேலதான் இருக்கீங்களா? ஜன்னல் திறந்திருக்கு."

அந்தச் செய்தியை நீ படித்திருக்கிறாய். இரண்டு நீல டிக் இருக்கிறது.

போலீஸ் குறித்தபடி 5.54க்கு அவள் லாரிக்கு அடியில் கிடந்தாள். அந்த நான்கு நிமிஷம் எனக்கு வேண்டும்.

அன்பு

*

செஞ்சி
12 மே 2025

அன்பு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது கிழிக்காமல் தபாலில் போட வேண்டும்.

நான் மாடியில்தான் இருந்தேன். பேருந்திலிருந்தே அவள் எனக்கு முதலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், அதையும் நீ அவள் போனில் பார்த்திருப்பாய்: "சார் 1412 போர்ட்லேண்ட்தானே? சியாட்டில்னு சொல்லி சிரிச்சாங்க." அதைப் படித்ததும் வரப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கீழே இறங்கி ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு மேலே வந்தேன். ஜன்னலை மறந்துவிட்டேன்.

ஷட்டரைத் தட்டினாள். "சார்... சார்..." என்று கூப்பிட்டாள். மின்விசிறிச் சத்தம் கீழே கேட்கும் என்று அதை நிறுத்தினேன். போனைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது வயசு வாத்தியார், தன்னிடம் படித்த பெண்ணுக்குப் பயந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை போன் வெளிச்சம் வந்தது. பிறகு அந்தச் செய்தி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

போய்விட்டாள் என்று நினைத்து எழுந்து எட்டிப் பார்த்தேன். அவள் போகவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சான்றிதழ் ஃபைல். பார்த்துவிட்டாள், இனி மறைய முடியாது. அப்போது எனக்குள் என்னவோ விட்டுப்போயிற்று. சொல்லிவிடலாம், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. கையை ஆட்டி, வா என்று கூப்பிட்டேன்.

அவளும் கையைத் தூக்கினாள். ஓடிவந்தாள்.

திருவண்ணாமலைப் பக்கமிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு ஓடிவந்தாள். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

பிறகு ஜன்னலைச் சாத்தினேன். இதை எழுதும்போதுதான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது. கீழே கூட்டம் அலறிக்கொண்டிருக்கும்போது நான் ஜன்னல் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கப் படி வழியாக இறங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு மேல்சித்தாமூர் போய், இரண்டு நாள் மடத்திலேயே கிடந்தேன். அதனால் மடத்தில் இருந்தேன் என்று சொன்னது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அமாவாசை தவறாமல் ஆறு மணி வாக்கில் ஷட்டர் தட்டப்படுகிறது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. ஓடிப்போய்த் தூக்கிப் பார்க்கிறேன். ரோடுதான் இருக்கிறது. நான் இப்போது மின்விசிறியை நிறுத்துவதே இல்லை. ஆள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரியட்டும்.

ஜீவகன்

*

ஓக்லண்ட்
3 ஜூன் 2025

ஜீவகன்,

கடிதம் வந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

அவள் செத்துப்போக ஓடவில்லை. உன்னைப் பார்க்க ஓடியிருக்கிறாள். மூன்று வருஷமாக உலகத்தில் உன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த இந்த விஷயத்தை வைத்துக்கொண்டு நீ தினமும் கரும்பலகையில் தலைநகரங்களை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். பெற்ற பெண் தன்னை வேண்டாம் என்று போய்விட்டாள் என்று என் அம்மா அங்கே சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனில் சொன்னால் அம்மா நம்பமாட்டார். ஆறுதலுக்காகப் பிள்ளை ஏதோ அள்ளிவிடுகிறான் என்பார். பார்த்தவன் நீ. நீ போய்ச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் உனக்கு ஒரு வேலை இருந்தது. ஏன் என்று நானும் கேட்டதில்லை. எங்கள் தெருவுக்கு வருகிற வழி உனக்கும் தெரியும்.

ஆடி அமாவாசை ஜூலை 24. அன்று போ. எதையும் பூசி மெழுகாதே. அவர் என்ன கேட்டாலும், தெரிந்ததை மட்டும் சொல். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

அன்பு

*

செஞ்சி
25 ஜூலை 2025

அன்பு,

நேற்று உங்கள் ஊர் மண்டகப்பட்டுக்குப் போனேன். வண்டிகளெல்லாம் ஸ்பெஷலுக்குப் போய்விட்டதால் பஸ் கிடைக்க மதியம் ஆகிவிட்டது. குகைக் கோயில் ஸ்டாப்பில் இறங்கி, வழி கேட்காமலே உங்கள் தெருவுக்குப் போனேன். இளவழகனிடம் புத்தகம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். யார் என்று சொன்னேன். "அன்பு சொன்னான், வருவன்னு" என்றார்கள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பான விடையை வைத்தது, அவள் கேட்டபோது பொய் சொன்னது, ஷட்டரை இறக்கியது, தரையில் ஒளிந்தது. கீரை உருவுவதை அவர்கள் நிறுத்தவில்லை. நான் கையாட்டிக் கூப்பிட்டேன், அதற்குத்தான் ஓடிவந்தாள் என்று சொன்னபோது நிறுத்தினார்கள்.

"அப்ப சாவறதுக்கு ஓடல."

"இல்லம்மா. என்கிட்ட வரத்தான் ஓடியாந்தா."

"லாரிய பாக்கலியா?"

"பாக்கல. மேலயே பாத்துக்கினு வந்தா."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கேட்டார்கள்: "சிரிச்சிக்கினா வந்தா?"

அன்பு, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாது. "மேக்கால இருந்து வெயிலு கண்ல அடிச்சிச்சிம்மா. மொகம் தெரியல. கைதான் தெரிஞ்சிச்சி" என்றேன்.

அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தார்கள்.

"கைய எப்படித் தூக்கனா?"

எனக்குப் புரியவில்லை. "எப்படின்னா?"

"காட்டு."

ஃபைல் இடது கையில் இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் ஆட்டுவதுபோல் இரண்டு தடவை ஆட்டினாள். அதை அப்படியே செய்து காட்டினேன். அம்மா மடியிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பார்த்தார்கள்.

"அது அவதான்" என்றார்கள். "பள்ளிக்கூடம் வுட்டு வரும்போது, தெருமொனையிலியே என்னப் பாத்துட்டா இப்படித்தான் தூக்குவா."

நான் கையை இறக்கினேன்.

"இன்னொரு வாட்டி காட்டு" என்றார்கள்.

காட்டினேன். இருட்டும்வரை காட்டிக்கொண்டிருந்தேன்.

ஜீவகன்